கட்டுத்தாரையில் குதிரை: தேய்ப்பு, குளம்பு, தீவனம், நோய் பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

கொங்குப் பக்கத்துத் தோட்டங்களில் குதிரை மறுபடியும் தென்படத் தொடங்கியிருக்கிறது. ரேக்ளாவுக்கு ஒன்று, கல்யாண ஊர்வல வாடகைக்கு ஒன்று, பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒன்று. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போனால் மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை நொக்ரா என்று வரிசையாகக் கட்டியிருப்பார்கள். பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது கஷ்டம்தான்.

வாங்கி வந்தபின் குதிரை எங்கே நிற்கிறது? பெரும்பாலும் கட்டுத்தாரையில், அதாவது மாட்டுச்சாளையில், காங்கேயம் மாட்டுக்குப் பக்கத்தில். பார்த்துக்கொள்பவரும் மாடு பார்த்தவரே. மாட்டு விஷயத்தில் நம் ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் குதிரைக்கு அசைபோடும் வயிறு கிடையாது, வாந்தி வராது, பயந்தால் முட்டாது, ஓடும். மாட்டுக்குச் சரியாக இருக்கும் பல பழக்கங்கள் குதிரையைக் கொன்றுவிடும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

வாங்கும்போதும் வந்தவுடனும்

சந்தையில் சுழி பார்ப்பதற்கு ஆகும் நேரத்தில் பாதியையாவது மூக்குக்கும் காலுக்கும் கொடுங்கள். மூக்கில் கெட்டியான சளி, தாடைக்கு அடியில் வீக்கம், தோலில் வரிசையாகக் கட்டிகள் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். கிளாண்டர்ஸ் என்ற நோய் அப்படித்தான் காட்டும். அது மனிதருக்கும் தொற்றும். 2009 ஆம் ஆண்டு விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்குகிறவரிடம் பேரம் பேசுவதில் அர்த்தமில்லை.

ஏற்கெனவே வேறு குதிரை இருந்தால் புதியதைக் குறைந்தது மூன்று வாரம் தள்ளிக் கட்டுங்கள். தண்ணீர் வாளி, பிரஷ், கயிறு எல்லாம் தனி. தினமும் காய்ச்சல் பாருங்கள். சந்தையில் நூற்றுக்கணக்கான குதிரைகள் மூச்சுவிட்ட இடத்திலிருந்து வந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

நிற்கும் இடம்

தனி லாயமாக இருந்தால் 12 அடிக்கு 12 அடி. குதிரை நின்றபடியே கண் அயரும் என்பது உண்மை. ஆனால் ஆழ்ந்து உறங்கப் படுத்தே ஆக வேண்டும். புரள இடமில்லாத மூலையில் குட்டைக் கயிற்றில் கட்டினால் அது நாள்கணக்கில் சரியாக உறங்காது. தரை வழுக்கக் கூடாது. மாட்டுச்சாளையின் வழவழப்பான சிமெண்ட் தளத்தில் லாடம் அடித்த குதிரை சறுக்கும். மேலே மணலோ ரப்பர் விரிப்போ போடுங்கள். சுவரில் துருத்தும் ஆணி, கிழிந்த தகரம், கிளுவை வேலியின் முள் எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிவந்து பாருங்கள். மாட்டுத்தோல் தாங்கும் கீறல் குதிரைத்தோலில் கிழிசலாகும்.

கட்டுவது

மாட்டை மூக்கணாங்கயிறு நிறுத்தும். குதிரைக்கு அது இல்லை. தலைக்கயிறுதான், அதிலும் மூக்கைச் சுற்றும் பட்டை கன்ன எலும்புக்கு இரண்டு விரல் கீழே இருக்க வேண்டும். இன்னும் கீழே இறங்கினால் குருத்தெலும்பை அழுத்தும், மூச்சையும் தடுக்கும். கடிவாளத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள்; மிரண்டு இழுத்தால் வாய் கிழியும்.

தலை மாட்டிக்கொண்டது என்று உணர்ந்தவுடன் குதிரை முழுப் பலத்தோடு பின்னால் இழுக்கும். அதனால் மூன்று விஷயம்: அசையாத கம்பம் அல்லது மரம், தோள் உயரத்தில் முடிச்சு, தரையில் தொங்காத அளவுக்கு, ஒரு கை நீளக் கயிறு. முடிச்சு நுனியை இழுத்தால் சட்டென்று அவிழ வேண்டும். கம்பத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே மெல்லிய சணல் வளையம் ஒன்று போட்டுவைத்தால், ஆபத்தில் அதுதான் அறும், கழுத்து தப்பும். கயிற்றை உங்கள் கையில் சுற்றிப் பிடிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். விரல் போன கதைகள் குதிரைக்காரர்களிடம் நிறைய உண்டு.

அருகில் போவது

நேர் முன்னால் நெற்றிக்குக் கீழும், நேர் பின்னால் வாலுக்குப் பின்னும் குதிரைக்குக் கண் தெரியாது. இடது தோள்பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். என்ன பேசினாலும் சரி, நீங்கள் வருவது அதற்குத் தெரிந்தால் போதும். முதலில் தோளில் கை வையுங்கள், முகத்தில் அல்ல. காது பின்னால் மடங்கிப் படிந்திருந்தால், வால் சுழன்றடித்தால், பின்கால் ஒன்று தூக்கியபடி இருந்தால், நின்று யோசியுங்கள்.

பின்பக்கம் கடக்க வேண்டுமானால் இரண்டே வழி. ஒன்று, கையை முதுகிலிருந்து எடுக்காமல் உடம்போடு ஒட்டிப் போவது; அவ்வளவு நெருக்கத்தில் உதைக்கு வேகம் வராது. இல்லையென்றால் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் போவது. நடுத்தூரம்தான் மோசம். கால் பக்கம் வேலை செய்யும்போது குனியுங்கள், குந்துங்கள்; மண்டியிடவோ தரையில் உட்காரவோ கூடாது. தோட்டத்தில் செருப்பு போட்டே பழகியவர்கள் இந்த வேலைக்கு மட்டுமாவது மூடிய ஷூ போடுங்கள். பிள்ளைகளைத் தனியாக விட வேண்டாம்.

தேய்ப்பு: வரிசையாக

வேலைக்கு முன் ஒருமுறை, வேலைக்குப் பின் ஒருமுறை. வேலை இல்லாத நாளில் ஒருமுறை போதும். வேண்டிய சாமான் அதிகமில்லை: பல் உள்ள ரப்பர் சீப்பு, கெட்டி நார் பிரஷ், மெத்தென்ற பிரஷ், குளம்பு சுத்தம் செய்யும் கொக்கி, இரண்டு மூன்று துணிகள். கடையில் இரும்புச் சீப்பும் கொடுப்பார்கள். அது பிரஷில் சேரும் அழுக்கை வழிக்க. அதைக் குதிரை மேல் ஓட்டுகிறவர்களை நிறையப் பார்க்கலாம், குதிரை நெளிவதையும் பார்க்கலாம்.

1. முதலில் வெறுங்கையால் உடம்பு முழுக்கத் தடவுங்கள். சூடு, வீக்கம், உண்ணி, சேணம் உரசிய புண் எல்லாம் கண்ணைவிடக் கைக்கே முதலில் தெரியும். தேய்ப்பின் பாதிப் பயன் இதில்தான் இருக்கிறது. பளபளப்பு இரண்டாம்பட்சம்.

2. ரப்பர் சீப்பால் கழுத்திலிருந்து தொடங்கி, தோள், முதுகு, விலா, தொடை என்று வட்டமாகத் தேயுங்கள். சதை உள்ள இடத்தில் மட்டும். முகம், முதுகெலும்பு, முட்டிக்குக் கீழே வேண்டாம்.

3. நார் பிரஷால் மயிர் படியும் திசையில் சின்னச் சின்ன வீச்சாக, தூசியை வெளியே தட்டிவிடுங்கள்.

4. மெத்தென்ற பிரஷால் உடம்பையும் முகத்தையும் முடியுங்கள். முகத்துக்குப் போகும்போது கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். தலையை உதறினால் இழுபடாது.

5. ஈரத்துணியால் கண், மூக்கு துடையுங்கள். வாலுக்கு அடியில் துடைக்க வேறு துணி. துணிகளை மாற்றிவிடாதீர்கள்.

6. பிடரியையும் வாலையும் விரலால் பிரித்துவிட்டு அப்புறம் பிரஷ். வாலுக்கு நேர் பின்னால் நிற்காமல் பக்கத்தில் நின்று, வாலை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்.

சேணமோ வண்டிப் பட்டையோ உட்காரும் இடங்களில் வியர்வையும் மண்ணும் காய்ந்து ஒட்டியிருந்தால் முழுக்கப் போக்கிவிட்டுத்தான் பட்டை போட வேண்டும். ரேக்ளாக் குதிரைகளின் தோள்புண் பெரும்பாலும் பட்டையால் வருவதில்லை, பட்டைக்கு அடியில் இருந்த மண்ணால் வருகிறது.

குளம்பு

தினமும் நான்கு குளம்பையும் தூக்கிப் பார்க்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம்.

வாலைப் பார்த்தபடி குதிரையின் தோள் பக்கம் நின்று, கையைக் காலின் பின்புறமாகக் கீழே வழித்து இறக்கி, கணுக்காலுக்கு மேல் லேசாக அழுத்தினால் பழகிய குதிரை தானே தூக்கும். பின்காலுக்கு இடுப்பிலிருந்து கையை இறக்குங்கள். உங்கள் உடம்பு அதன் தொடையை ஒட்டியே இருக்கட்டும். குதிகாலிலிருந்து நுனி நோக்கிக் கொக்கியை ஓட்டுங்கள். நடுவில் முக்கோணமாக ரப்பர் போல இருக்கும் பகுதியைக் குத்தக் கூடாது. அதன் இரு பக்கப் பள்ளங்களில்தான் சாணியும் கல்லும் அடையும். அங்கே கறுப்பாக, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு கசிந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. தரையை உலரவைப்பதே பாதி வைத்தியம்.

குளம்பு தொட்டால் சுடுகிறதா, குதிரை முன்கால்களை முன்னே நீட்டிப் பின்னங்காலில் பாரத்தைப் போட்டு நிற்கிறதா? தானியத்தைத் திருட்டுத்தனமாகத் தின்ற மறுநாள், அதற்கடுத்த நாள் இப்படி ஆகும். குளம்புக்குள்ளே வீக்கம், அவசர நிலை. நடக்க வைக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

லாடம் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். லாடம் தேயவில்லையே என்று தள்ளிப்போடுகிறார்கள். லாடம் தேயாவிட்டாலும் குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கும். மாட்டைச் சாய்த்துப் போட்டு லாடம் கட்டுகிறவரிடம் குதிரையைக் கொண்டுபோக வேண்டாம். குதிரை நின்றபடி, இரு பக்கமும் சமமாகச் சீவி அடிக்கத் தெரிந்தவர் வேண்டும். நம் பக்கம் அப்படிப்பட்டவர்கள் குறைவு; நல்லவர் கிடைத்தால் நாலு தோட்டத்துக்காரர் சேர்ந்து ஒரே நாளில் வரவழையுங்கள்.

குளியலும் வெயிலும்

தினக் குளியல் தேவையில்லை. தோலின் எண்ணெய் போய்விடும். துணி சோப்பு, பாத்திரப் பொடி கூடாது. உப்புச் சுவையுள்ள போர் தண்ணீரில் குளிப்பாட்டினால் காய்ந்தபின் ஒருமுறை பிரஷ் போடுங்கள். சாயக்கழிவு கலந்த ஆற்று நீர் பக்கமே போக வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் ஈரோடு, கரூர் வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் வேலையைக் காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். ஓடி வந்த குதிரை வேகமாக மூச்சு வாங்கினால் நிழலில் நிறுத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரை விடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள், காற்றுப் படட்டும். சூடான உடம்பில் குளிர்ந்த நீர் பட்டால் நரம்பு இழுத்துக்கொள்ளும் என்ற பயம் வேண்டாம். குடிக்கவும் கொடுக்கலாம், நாலைந்து மடக்கு, கொஞ்சம் நடை, மறுபடி நாலைந்து மடக்கு. வெயிலில் வியர்க்காமல் தோல் காய்ந்து, மூச்சு மட்டும் வாங்கும் குதிரை இருந்தால் அது சோம்பல் அல்ல, நோய்.

நொக்ரா வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. இளஞ்சிவப்புத் தோல் வெயிலில் வெந்துவிடும், முக்கியமாக மூக்கும் கண்ணைச் சுற்றியும். பகலில் நிழல் கட்டாயம். கறுப்பாகப் பிறந்து வயதாக ஆக வெளுத்த குதிரை வேறு வகை. அதற்கு வாலடியில் கறுப்புக் கட்டிகள் வருகிறதா என்று தேய்க்கும்போதே பாருங்கள்.

தீவனம்

இங்கேதான் மாட்டு அறிவு அதிகம் காலை வாருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே.

குதிரையின் இரைப்பை சிறியது. இயற்கையில் நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேயும். 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு உலர்ந்த கணக்கில் 6 முதல் 8 கிலோ நார்த்தீவனம் வேண்டும், அதை மூன்று நான்கு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். கொள்ளு, ஓட்ஸ், பார்லி போன்றவை வேலைக்கு ஏற்ப. ஒரே வேளையில் 2 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. வேலை இல்லாத நாளில் குறையுங்கள். கொள்ளை ஊறவைத்து வேகவைத்துக் கொடுப்பது நல்ல பழக்கம். ஆனால் காலையில் வேகவைத்ததை நம் வெயிலில் மாலை வரை வைத்துப் புளிக்க விடாதீர்கள். எந்தத் தீவனத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். தரையில் கொட்டினால் செம்மண்ணும் சேர்ந்து வயிற்றுக்குள் போய்க் குடலில் தங்கும், தொட்டியில் போடுங்கள்.

முதல் ஆபத்து கொறங்காடு, அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம். காங்கேயம் மாட்டை வளர்த்ததே அங்கே வளரும் கொழுக்கட்டைப்புல்தான். மாட்டுக்கு அருமையான புல், சந்தேகமில்லை. அந்தப் புல்லில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் முன்வயிற்று நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. தீவனத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தை ஆக்சலேட் பிடித்துக்கொள்ள, உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும். மாதக்கணக்கில் அதை மட்டுமே மேய்ந்த குதிரைக்கு இன்ன கால் என்று சொல்ல முடியாத நொண்டல் வரும், பிறகு முகத்து எலும்பு இரு பக்கமும் உப்பும். கம்பு-நேப்பியர் வீரியப்புல்லிலும் இதே ஆக்சலேட் இருக்கிறது. இதோடு கோதுமைத் தவிட்டையும் தாராளமாகப் போட்டால் அதிலுள்ள பாஸ்பரஸ் நிலைமையை இன்னும் கெடுக்கும். மேய்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. அதை மட்டுமே நம்பக் கூடாது. குதிரைமசால் தினமும் கொஞ்சம் சேர்த்தால் சுண்ணாம்பு ஈடாகும். தண்ணீர் வசதி உள்ள தோட்டத்தில் நாலு பாத்தி போட்டுவிட்டால் வருஷம் முழுக்க அறுக்கலாம். தூசி தட்டிய, பூஞ்சை இல்லாத கடலைக்கொடியும் நல்லது.

இரண்டாவது ஆபத்து கோழித்தீவனம். பல்லடம் பக்கம் கறிக்கோழி, நாமக்கல் பக்கம் முட்டைக்கோழி என்று நம் ஊரில் கோழிப்பண்ணை இல்லாத திசை இல்லை. மீந்த தீவனம் மலிவாகக் கிடைக்கும், "மாடு திங்குது, குதிரை திங்காதாங்க?" என்று கேட்பார்கள். கோழிகளின் ரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைத் தீவனத்தில் கலப்பது உண்டு. அவை குதிரையின் இதயத் தசையைச் சிதைக்கும். மாற்றுமருந்து கிடையாது. ஒரு சாக்குகூட லாயத்துப் பக்கம் இருக்கக் கூடாது. மாட்டுத்தீவன மூட்டையிலும் மோனென்சின் இருக்கிறதா என்று பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, பூஞ்சை பிடித்த மக்காச்சோளம். கோழியும் மாடும் ஓரளவு தாங்கும். குதிரைக்கு அந்தப் பூஞ்சை நஞ்சு மூளையையே கரைக்கும். தள்ளாடி, சுவரில் தலையை முட்டி, ஓரிரு நாளில் போய்விடும். நிறம் மாறிய மணி, மக்கிய வாடை இருந்தால் குப்பைக்குத்தான். பச்சைத் தீவனச்சோளத்தில் தொடர்ந்து மேய்ந்தாலும் பின்கால் தடுமாற்றமும் சிறுநீர்ப்பைச் சிக்கலும் வரும். வேலியோர அரளியை வெட்டிவிடுங்கள். வெட்டிய காய்ந்த இலையும் நஞ்சுதான்.

தண்ணீர் சாதாரண நாளில் 25 முதல் 40 லிட்டர், கோடையில் வேலை செய்தால் 60க்கும் மேல். உப்பு நாளைக்கு 40 கிராம் அளவு, வியர்த்தால் கூடுதல்.

உண்ணி, ஈ, ஊசி

மாட்டு உண்ணிக்கு அடிக்கும் மருந்துகளில் அமிட்ராஸ் என்று இருந்தால் அதைக் குதிரைமேல் அடிக்கக் கூடாது. குடல் இயக்கமே நின்றுபோகும். டப்பாவில் பெயர் பார்க்காமல் எதையும் தெளிக்க வேண்டாம். தாடைக்கு அடியில், பிடரி வேரில், தொடையிடுக்கில் உண்ணியைக் கையால் எடுப்பது முதல் வேலை. கடி ஈக்கள் சர்ரா நோயைப் பரப்பும்: விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வெளுத்த ஈறு, கால் வீக்கம், தின்றும் இளைப்பு. ரத்தப் பரிசோதனை செய்யாமல் சத்து டானிக் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஊரில் கோமாரித் தடுப்பூசி முகாம் நடந்தால் குதிரைக்கும் சேர்த்துப் போட்டாச்சு என்று நினைக்கிறவர்கள் உண்டு. குதிரைக்குக் கோமாரி வராது. அந்த ஊசியால் பயனுமில்லை. அதற்கு வேண்டியது வில்வாத (டெட்டனஸ்) ஊசியும் வெறிநோய் ஊசியும். ஆணி குத்திய சின்னக் காயம் போதும், மாட்டைவிடக் குதிரையை வில்வாதம் மிக எளிதில் பிடிக்கும். வில்வாத ஊசி தொடக்கத்தில் நாலு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு, அப்புறம் வருஷம் ஒன்று. குடற்புழு மருந்தை நாள்காட்டி பார்த்துக் கொடுக்காமல், சாணத்தைப் பரிசோதித்துக் கொடுங்கள். பல்லையும் வருஷம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பாதி மென்ற உருண்டை வாயிலிருந்து விழுந்தால் பல் ஓரம் கூராகிவிட்டது.

தினக் கணக்கு

ஆரோக்கியமாக இருக்கும்போதே எண்களை எழுதி லாயச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஓய்வில் உடம்புச் சூடு 99.5 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட், நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. நாடியைத் தாடையின் உள்விளிம்பில் விரல் வைத்துப் பார்க்கலாம். ஈறு இளஞ்சிவப்பாக, அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். சாணம் ஒரு நாளில் 8 முதல் 12 தடவை.

வயிற்றுவலி வந்தால்

முன்காலால் தரையைக் கீறும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், படுக்கும், எழும், புரளும், மேலுதட்டைச் சுருட்டும், சாணம் போடாது. குதிரைகளை அதிகம் கொல்வது இதுதான்.

தீவனத்தை உடனே எடுத்துவிடுங்கள். நாடி, ஈறு நிறம் பார்த்துக் குறித்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள். நாடி 60ஐத் தாண்டினால் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம். அமைதியாகப் படுத்திருந்தால் விட்டுவிடலாம். முரட்டுத்தனமாகப் புரண்டால் மெதுவாக நடத்துங்கள், மணிக்கணக்கில் இழுத்தடித்துச் சோர்வாக்க வேண்டாம். உங்களுக்கு ஆபத்து என்றால் விலகிக்கொள்ளுங்கள்.

"மாட்டுக்கு ஊத்தற மாதிரி எண்ணெய ஊத்திரலாமுங்க" என்று யாராவது மூங்கில் குழாயோடு வருவார். தடுத்துவிடுங்கள். தலையைத் தூக்கி ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போகும் வாய்ப்பு அதிகம். எண்ணெய் தேவையென்றால் மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் செலுத்திக் கொடுப்பார். அந்தக் குழாயிலேயே வயிற்றில் தேங்கியதை வெளியேயும் எடுப்பார், ஏனென்றால் குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. மாட்டுக்கு மீந்த வலி ஊசியைப் போடுவதும் வேண்டாம். வலி மறைந்தால் மருத்துவருக்கு நிலைமை தெரியாமல் போகும்.

கால்நடை அவசர ஊர்திக்கு 1962. பேசும்போது முதல் வாக்கியத்திலேயே குதிரை என்று சொல்லிவிடுங்கள், மருந்தும் குழாயும் வேறு. நாமக்கல்லிலும் உடுமலையிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் தோட்டத்துக்கு எது பக்கம் என்பதை இப்போதே முடிவு செய்து, குதிரை ஏற உயரம் போதுமான, தரை வழுக்காத வண்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, அந்த எண்ணையும் சுவரில் எழுதிவிடுங்கள். வண்டியில் ஏறி இறங்க ஒரு சாதாரண நாளில் குதிரைக்குப் பழக்கிவைத்தால், வலியில் துடிக்கும் ராத்திரியில் அதை ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.